37 வருடம் விரட்டிய இரைச்சல்

திருச்சி வானொலி நிலையத்தில் 1976-ல் டெக்னீஷியனாகச் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றேன். அந்த 37 வருடமும் நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், "டிஸ்டார்ஷனை விரட்டுவது" என்றுதான் சொல்வேன். டிரான்ஸ்மிட்டருக்குள் 1000 ஹெர்ட்ஸ் சுத்தமான ஒலியை அனுப்பி, வெளியே வருவது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மீட்டரில் பார்ப்போம். முள் கொஞ்சம் ஏறினாலும் இரவோடு இரவாக உட்கார்ந்து காரணத்தைத் தேடுவோம்.

அப்படிப்பட்ட நான் போன வருடம் மூன்று மாதம், எந்த டிஸ்டார்ஷன் நல்ல டிஸ்டார்ஷன் என்று தேடி அலைந்தேன். எல்லாம் பேரனால் வந்தது.

மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். பேரன் அங்கே பிளஸ் டூ முடித்துவிட்டு, இன்ஜினியரிங் படிக்க இங்கே வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். நல்ல பையன். ஆனால் முதல் வருடம் முழுவதும் ஒரு நாளைக்கு அவன் வாயிலிருந்து ஐந்து வார்த்தை வந்தால் அதிகம். "சாப்ட்டேன்", "போறேன்", "வந்துட்டேன்", "தூக்கம் வருது", "சரி". என் மனைவி, "நம்மகிட்ட என்ன குறைன்னே தெரியலையே" என்று புலம்புவாள். எனக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் கிடாரும் 20 வாட் பெட்டி ஒன்றும் வந்து இறங்கின. அவன் அப்பா பணம் அனுப்பியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் இல்லை, காரணம் எனக்கே தெரியும். 1994-ல் பத்தாவது படிக்கும்போது என் மகன் ஒரு கிடார் கேட்டான். "முதல்ல மார்க்கைப் பார்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. அப்போது அதைப் பார்த்து, 'என் பிள்ளை எவ்வளவு பொறுப்பானவன்' என்று பெருமைப்பட்டேன்.

பேரன் வாசித்தது ஹெவி மெட்டல். கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசித்தான். ஆனாலும் தில்லை நகர் அடுக்குமாடியின் அரை செங்கல் சுவர் எதைத் தடுக்கும்? அடுத்த ஃபிளாட்டில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக ஒரு அம்மா இருக்கிறார்கள். வயது எண்பதுக்கு மேல். இரண்டாம் வாரம் அவர்கள் மகன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மா தூக்கத்துல திடுக்கிட்டு எழுந்துக்கறாங்க. அப்புறம் ராத்திரி பூரா அழறாங்க."

பேரன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றும் பேசாமல் கிடாரை உறையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டான். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. பத்து நாளும் ஐந்து வார்த்தை மூன்றாகக் குறைந்தது.

பதினோராம் நாள் இரவு சாப்பாட்டில் நானே கேட்டேன். "ஏம்ப்பா, அந்தச் சத்தம் வெளியே வராம வாசிக்க வழியே கிடையாதா?"

நிமிர்ந்து பார்த்தான். "இருக்கு தாத்தா. ஆம்ப் சிமுலேட்டர்னு சாஃப்ட்வேர் இருக்கு. கிடாரை கம்ப்யூட்டர்ல குத்திட்டு ஹெட்போன்ல கேட்டுக்கலாம். ரெக்கார்டும் பண்ணலாம். எதை எடுக்கறதுன்னுதான் தெரியல." அதற்கப்புறம் நாற்பது நிமிடம் பேசினான். ரசம் ஆறிப்போனது. மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் பாதி எனக்கும் முழுவதும் அவளுக்கும் புரியவில்லை. ஆனால் இருவருக்கும் அன்று நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்தேன். முதலில் இந்த இசையை எனக்குப் புரிய வை என்றேன்.

ஒரு கதை சொன்னான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் தொழில் நகரம். அங்கே தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி ஐயோமி என்ற பையனுக்கு 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் மாட்டி இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரன். அதனால் தந்தியை அழுத்தும் வலது கை விரல்கள் அவை. கிடாரே வாசிக்க முடியாது என்றார்கள். அவன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். தந்தியை மெல்லியதாக மாற்றினான். பின்னால் வலி குறைய சுருதியையும் இறக்கினான். கனத்த சத்தத்தோடு பிளாக் சாபத் என்ற குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. ஹெவி மெட்டலுக்கு அதுதான் தொடக்கம் என்று பலரும் சொல்வார்களாம். விரல் போன தொழிலாளியின் சங்கீதம் என்று தெரிந்ததும் எனக்கு அதன் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

மீதிப் பாதி குறைந்தது சுருதியைப் பற்றிக் கேட்டபோது. இவர்கள் பெரும்பாலும் வாசிப்பது பவர் கார்ட் என்ற ஒன்று. அதில் இருப்பது ஸட்ஜமும் பஞ்சமமும்தான். காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷன் அதிகமாகும்போது மூன்றாவது ஸ்வரத்தைச் சேர்த்தால் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப் போகும். ஸ-ப மட்டும் கம்பீரமாக நிற்கும். எனக்கு உடனே தம்பூரா நினைவு வந்தது. அதிலும் பஞ்சமமும் ஸட்ஜமும்தானே? தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அந்த 'ஞொய்' என்ற இழைப்பு வரும்வரை நகர்த்துவோம் அல்லவா? சுத்தமான தந்திக்கு வேண்டுமென்றே மேல் ஒலிகளைக் கூட்டும் வேலை அது. வால்வு ஆம்பிளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் தள்ளி, அலையின் தலையைச் சீவினால் நடப்பதும் மேல் ஒலிகள் கூடுவதுதான். "அப்போ நீங்க தம்பூராக் காரங்கதான், கொஞ்சம் கோபமான தம்பூரா" என்றேன். முதல் தடவையாக என் முன்னால் சிரித்தான்.

சாஃப்ட்வேரைத் தேடுவதற்கு முன்னால் வீட்டு மின்சாரத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. இந்த வகை ஒலிக்குக் கிடாரின் சின்ன சிக்னலை ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் பெருக்குகிறார்கள். அப்போது அதோடு வரும் குப்பையும் ஆயிரம் மடங்காகும். அவன் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கிவந்து மாட்டியதுமே ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல், அதன் மேல் 'கிர்ர்' என்று ஒரு எரிச்சல். "எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இப்படித்தான் தாத்தா வருது" என்றான். இது என் பேட்டை. தந்தியைத் தொட்டால் உறுமல் குறைகிறதா என்றேன். குறைந்தது. பிளக் பாயின்டில் எர்த் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீழே எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டு, வயரையும் மாற்றினோம். உறுமல் போயிற்று. 'கிர்ர்' மட்டும் போகவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். நின்றது! ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் குற்றவாளி. திருச்சியில் மே மாதம் ஃபேன் இல்லாமல் எவன் கிடார் வாசிப்பான்? படிப்படியாகத் திருகும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினேன். சில நூறு ரூபாய்தான். இதைச் செய்யாமல் என்ன விலைக்கு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாலும் வீண்.

அடுத்து, இந்த சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கு படிகள்.

ஒன்று, கிடாருக்கு அடுத்து ஒரு பெடல். டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சை நிறப் பெட்டியின் நகல். அதில் டிஸ்டார்ஷன் திருகைப் பூஜ்யத்தில் வைத்து, வால்யூமை மட்டும் ஏற்றுகிறார்கள். எதற்கு என்று கேட்டேன். அது அடி ஒலியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அனுப்புகிறது. சட்னி அரைக்கும்போது தண்ணீரை முதலிலேயே குறைக்க வேண்டும். அரைத்த பிறகு வடிகட்ட முடியாது. அதே கதைதான். அடி ஒலியை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைத்தால் 'ஜக் ஜக்' என்று இறுக்கமாக நிற்கும். இல்லாவிட்டால் கூழ்.

இரண்டாவது, ஆம்பிளிஃபையர். இங்கேதான் பிரபலமான பெட்டிகளின் நகல்கள் வருகின்றன. 1980-களின் மார்ஷல் ஜேசிஎம்800, 1990-களின் தொடக்கத்தில் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி நிறுவனம் கொண்டுவந்த 5150, அதே காலத்து மெசா பூகி ரெக்டிஃபையர். இவற்றின் முன் பகுதியில் இருப்பது 12ஏஎக்ஸ்7 வால்வு. நம் பக்கத்தில் ஈசிசி83 என்போம். எத்தனை ஈசிசி83-ஐ நான் மாற்றியிருப்பேன்! இத்தனை வருடத்துக்குப் பிறகு அதன் பெயர் பேரன் வாயிலிருந்து வந்தபோது பழைய சிநேகிதனை ரயிலில் பார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாவது, ஸ்பீக்கர் பெட்டி. முக்கியமான இடம் இதுதான். பேரன் ஒரு முறை இதை அணைத்துவிட்டுக் காட்டினான். குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல். கிடார் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் குறைந்துவிடும். அந்தக் குறைதான் இரைச்சலை இசையாக்குகிறது. அதை சாஃப்ட்வேரில் கொண்டுவர இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற சின்ன ஒலிக் கோப்பைப் போடுகிறார்கள். ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு முறை கை தட்டினால் அந்த மண்டபத்தின் குணம் முழுவதும் எதிரொலியில் தெரிந்துவிடும் அல்லவா? அப்படி, நான்கு ஸ்பீக்கர் கொண்ட ஒரு பெட்டி, அதன் முன் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக், இரண்டின் குணத்தையும் ஒரு 'கைதட்டலில்' பிடித்து வைத்திருப்பார்கள். ஆம்பிளிஃபையரை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிட இந்தக் கோப்பை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரியது என்பதை என் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

நான்காவது, தாமதம். தந்தியைத் தட்டியதற்கும் காதில் விழுவதற்கும் இடையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம். ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால் ஸ்பீக்கரிலிருந்து 11 அடி தள்ளி நிற்பது போல. அது பரவாயில்லை. 40 என்றால் கோயில் கொடிமரத்தில் நின்று கர்ப்பக்கிரகத்து மணிக்குத் தாளம் போடுவது போல. அவனுடைய லேப்டாப் பழையது. ஆகவே லேசான சாஃப்ட்வேர் வேண்டும் என்பதும் பட்டியலில் ஏறியது.

இனி எதை எடுப்பது? கடையில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று, ஆம்பிளிஃபையரின் சர்க்யூட்டைக் கணக்காக எழுதி, திருகுகள் எல்லாம் நிஜப் பெட்டி போலவே திரும்பும்படி செய்வது. இத்தாலியிலிருந்து ஆம்ப்ளிடியூப், ஜெர்மனியிலிருந்து கிடார் ரிக், ஃபின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி இப்படிப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. சிலது வாங்கும் முன் சில நாள் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். இன்னொரு சாதி, பலகுரல் கலைஞரைப் போன்றது. சர்க்யூட் பற்றிக் கவலையே இல்லை. ஒரு நிஜ ஆம்பிளிஃபையருக்குள் தெரிந்த சிக்னலைச் சில நிமிடம் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு செயற்கை நியூரல் வலைப்பின்னல் அந்தக் குரலைக் கற்றுக்கொள்கிறது. ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் இந்த வகை. முழுக்க இலவசம். உலகம் முழுவதும் ஆட்கள் தங்கள் பெட்டிகளை இப்படிப் பிடித்துப் பகிர்கிறார்கள்.

கேட்டதும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. தெரிந்ததை உள்ளே அனுப்பு, வருவதை அள. நாங்கள் டிரான்ஸ்மிட்டருக்குச் செய்த அதே வேலை! ஆனால் ஒரு குறை உண்டு. பலகுரல் கலைஞர் ஒரு படத்து வசனத்தைத்தான் செய்து காட்டுவார். அதுபோல, திருகுகள் எந்த நிலையில் இருந்தபோது பிடித்தார்களோ அந்த ஒரு நிலைதான் கிடைக்கும். வேறு நிலை வேண்டுமானால் வேறு கோப்பு.

நான் 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தேன். பேரன் ஒரு பெரிய பேக்கேஜைக் கண் வைத்திருந்தான். நூற்றுக்கணக்கான சத்தம் இருந்தது. அதுதான் தொல்லையாகவும் இருந்தது. மூன்று மணி நேரம் திருகைத் திருப்புவான், பத்து நிமிடம்கூட வாசிக்க மாட்டான். நான் ஒரு விதி போட்டேன். "பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கேட்டுத் தேர்ந்தெடுப்போம்."

ஒரே வாசிப்பை, கிடாரின் பச்சை சிக்னலாகவே ஒரு முறை பதிவு செய்தோம். அதையே மூன்று சாஃப்ட்வேர் வழியாக அனுப்பி, அ, ஆ, இ என்று பெயர் வைத்தேன். மூன்றின் ஒலி அளவையும் மீட்டர் பார்த்துச் சமமாக்கினேன். இது முக்கியம். சத்தம் அரை மாத்திரை கூடினாலும் மனிதக் காது "இதுதான் நல்லது" என்று ஏமாந்துவிடும். எது எது என்று எனக்கு மட்டும் தெரியும். பேரனும், அவன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பையனும், பேஸ் வாசிக்கும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். மனைவி பஜ்ஜி போட்டாள்.

மூவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். மூவரும் 'ஆ'வையே சொன்னார்கள். அது இலவச நியூரல் ஆம்ப் மாடலர், 5150-இன் ஒரு கோப்பு. 'அ'வை மூவருமே முகம் சுளித்து ஒதுக்கினார்கள். அது நான் மனத்தில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது.

"எனக்கு அ-வும் ஆ-வும் ஒண்ணாத்தானே கேக்குது" என்றேன்.

பேரன் ஹெட்போனை வாங்கி மறுபடி போட்டான். "தாத்தா, இதுல மேல ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு கேக்குதே. சோடா பாட்டில் திறந்த மாதிரி."

"இல்லையே."

"நல்லா கேளுங்க. இப்போ."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மெதுவாக, "தாத்தா, ஹெட்போன்ல ஏதாவது பிரச்சனையா இருக்கும்" என்று எனக்காகச் சொன்னது. நல்ல குழந்தை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் 'பீப்' அடிக்கவில்லை என்று இரண்டை மாற்றி, கடைக்காரரிடம் சண்டையும் போட்டிருந்தேன். என் மனைவி வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று பத்து வருடமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் குருவி வருவதே இல்லை என்று இந்தப் பக்கத்திலேயே ஒரு முறை எழுதியிருந்தேன். சிலர் "எங்கள் தெருவிலும் இல்லை" என்று ஆறுதல் சொன்னீர்கள்.

எல்லாவற்றையும்விட இன்னொன்று குத்தியது. பேரன் முதல் வருடம் முழுவதும் ஐந்து வார்த்தைதான் பேசினான் என்றேனே. மெல்லப் பேசுகிற பையன். எத்தனை வார்த்தை பேசி, நான் பதில் சொல்லாமல் பேப்பரைப் புரட்டியிருப்பேனோ?

காலையில் யாரிடமும் சொல்லாமல் காது பரிசோதனைக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் நீண்ட நேரம் அமைதி. 'மெஷின் நின்றுவிட்டதா' என்று கேட்க நினைத்துத் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் நிற்கவில்லை.

வரைபடம் 2000 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போய், 4000-த்தில் மலைக்கோட்டைப் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கியது. வயதினால் வருவதுதான், அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போட வேண்டாம் என்றார். ச, ஸ, ஃப போன்ற எழுத்துகளின் ஒலி மேல் பக்கத்தில்தான் இருக்கிறது; அதனால்தான் பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. ஒலியை அளந்தே பென்ஷன் வாங்கியவனுக்கு இது தெரியாதா? தெரியும். தன் காது என்று வரும்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பேரனிடம் காகிதத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, அந்த 'அ' பதிவின் அலைவரிசைப் படத்தைப் போட்டான். 6000-லிருந்து 9000 வரை ஒரு மேடு. என் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தான். என் பள்ளமும் அந்த மேடும் ஒரே இடத்தில் இருந்தன. "உங்களுக்கு அ பிடிச்சதுல தப்பே இல்ல தாத்தா. உங்க காதுக்கு அது சரிதான்" என்றான். யாரும் இவ்வளவு நாகரிகமாக எனக்குச் செவிடு என்று சொன்னதில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். நியூரல் ஆம்ப் மாடலரையே எடுத்தோம். லேப்டாப் திணறாமல் இருக்க எடை குறைந்த கோப்பு. முன்னால் டியூப் ஸ்க்ரீமர் நகல், பின்னால் நல்ல ஸ்பீக்கர் கோப்பு ஒன்று. பதிவு செய்ய ரீப்பர் என்ற மென்பொருள். 60 நாள் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமம் 60 டாலருக்கு வாங்கினோம். கெய்னை அவன் நினைத்ததைவிடக் குறைத்து வைக்கச் சொன்னேன், பதிவில் தெளிவு கூடியது. ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப் பக்கமும் மற்றொன்றை வலப் பக்கமும் போட்டான். ஒன்றையே நகல் எடுத்து இரு பக்கமும் போட்டால் அகலம் வராது. இரண்டு நாதஸ்வரக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும்போது மயிரிழை வித்தியாசத்தில் ஒரு விரிவு வருமே, அது.

ஹெட்போனுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். அமெரிக்கத் தொழில் நலக் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் நான்கு, 91-ல் இரண்டு. அளந்து, வால்யூம் திருகில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். "என் வரைபடத்தை உன் நாற்பது வயசில் நீ பார்க்கக் கூடாது" என்றேன். புள்ளியைத் தாண்டுவதில்லை என்று சொல்கிறான். நம்புகிறேன்.

ஒதுக்கிய 15,000-த்தில் மிச்சமிருந்த பணத்தோடு பென்ஷனிலும் கை வைத்து, இரண்டு காதுக்கும் கருவி வாங்கினேன். முதல் வாரம் நரகம். தட்டில் கரண்டி பட்டால் தலையில் அடித்த மாதிரி. என் செருப்புச் சத்தமே எனக்கு அந்நியமாக இருந்தது. மூளை பழக சில வாரம் ஆகும், கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். போடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஜன்னலோரம் குருவிச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது.

மூன்று பாட்டும் பதிவாகி முடிந்த அன்று பேரன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். கருவியைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் ஒரு முறை, ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கருவியோடு ஒரு முறை. இரண்டாம் தடவை, இரண்டாம் பாட்டில் நிறுத்தச் சொன்னேன். "இங்க அந்த ஸ்ஸ் கொஞ்சம் இருக்கே?" என்றேன். திரும்பிப் பார்த்தான். 8000-க்கு மேல் கொஞ்சம் வெட்டினான். "இப்போ?" "இப்போ சரி." அதற்கு மேல் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பாட்டுகளை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து ஃபோன் வந்தது. வழக்கமான விசாரிப்பு எல்லாம் முடிந்த பிறகு மகன் கேட்டான். "எர்த் எல்லாம் நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களாமே, அப்பா?"

"ஆமாம்ப்பா."

"ம்."

"1994-லயே போட்டுக் குடுத்திருக்கணும்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சாப்ட்டீங்களா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் அதிகம் என்று தெரியும். பேரன், பேத்தி இப்படி ஏதாவது கேட்டால், பெரிய பேக்கேஜ் பக்கம் போகும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எர்த்தைப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பதையும் காசு கொடுக்க வேண்டியதையும் ஒரே ஒலி அளவில் வைத்து, பெயரை மறைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும்போது நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், மறுநாளே காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களாக இருந்தால் சிஜிஹெச்எஸ் வழியாகக் காதுக் கருவிக்கு ஒரு வரம்புக்கு உட்பட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டு அம்மா இப்போது இரவில் தூங்குகிறார்களாம். அவர்கள் மகன் போன வாரம் லிஃப்டில் பார்த்து, "பேரன் கிடாரை விட்டுட்டானா சார்? சத்தமே இல்லையே" என்று வருத்தமாகக் கேட்டார். "இல்லை சார், தினமும் வாசிக்கிறான்" என்றேன்.